தொட்டியில் இருந்த மழை

பொடிசுக்குப் படம் எடுக்க வரும், பேசத்தான் வராது. வகுப்பில் பத்துப் பேர் நிற்கிற இடத்தில் அவளும் போய் நின்றால் யாருக்கும் தெரியாது. அப்படி வந்த பெயர்தான் அது. ஆனால் மீடியா பாடம் எடுக்கிற சார், இந்த வருஷச் செய்முறைக்கு ஒவ்வொரு குழுவும் சொந்தமாகப் பாட்டுக் கட்டி, அதற்கு மியூசிக் வீடியோவும் எடுத்து வர வேண்டும் என்று சொன்ன அன்றைக்கு, அவளைத் தேடிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி சுருட்டை. பாட்டு எழுதுவாள், பாடுவாள், தன் முடியை யாராவது இழுத்துப் பார்த்தால் கடித்துவிடுவாள். இன்னொருவன் ஹீரோ. அவனுக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று தெரியவில்லை. அவனேதான் என்று பொடிசுக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஹீரோவும் பொடிசும் ஒரே கட்டடத்தில் குடியிருப்பவர்கள். ஒரே கட்டடம் என்றால், அவன் முதல் மாடியில் பெரிய வீட்டில், அவள் மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒற்றை அறையில். அவன் அப்பா குடியிருப்போர் சங்கத்துக்கு செக்ரட்டரி. அவள் அம்மா அங்கே வாட்ச்மேன். பொம்பளையாக இருந்தாலும் வேலைக்குப் பெயர் வாட்ச்மேன்தான். கேட்டைத் திறப்பது, படி கூட்டுவது, குப்பையை இறக்குவது, மோட்டார் போடுவது, எல்லார் வீட்டு மாற்றுச் சாவியையும் பத்திரமாக வைத்திருப்பது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். அப்பா என்று ஒருவர் இல்லை. எங்கே என்று கேட்டால் அம்மா கேட் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள், அதுதான் பதில். வேலை போனால் அறையும் போகும் என்பது மட்டும் பொடிசுக்கு நடக்கப் பழகும்போதே பாடமாகிவிட்ட விஷயம்.

சுருட்டை கட்டிய பாட்டு நன்றாகவே இருந்தது. ‘மழை வந்தா என்னைக் கூப்பிடு, ஜன்னலத் தொறந்து வெச்சிருக்கேன்’ என்று ஆரம்பிக்கும். ஒரு தடவை கேட்டவர்கள் நாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டு திரிவார்கள். சங்கடம் என்னவென்றால் மழை பாட்டில்தான் இருந்தது, வானத்தில் இல்லை. மேகத்தைப் பார்த்தே மாசக்கணக்கு ஆகியிருந்தது. வாளியால் ஊற்றிப் பார்த்தார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரை யாரோ மாடியிலிருந்து கொட்டியது போல இருந்தது. செடிக்கு ஊற்றும் குழாயைப் பிடித்துப் பார்த்தார்கள். ஹீரோவும் செடி மாதிரியே நின்றான். சுருட்டை விழுந்து விழுந்து சிரித்ததில் அன்றைய படப்பிடிப்பு அதோடு முடிந்தது.

மறுநாள் ஹீரோதான் மாடிப்படி ஓரமாகப் போகிற சிவப்புக் குழாயைக் காட்டினான். மொட்டை மாடியில் இரண்டு தொட்டிகள் இருந்தன. பெரியது வீடுகளுக்கு. சின்னது, எங்காவது தீப்பிடித்தால் அணைப்பதற்கென்றே கட்டியது. அதிலிருந்து சிவப்புக் குழாய் ஒவ்வொரு மாடிக்கும் இறங்கும். மாடிக்கு மாடி ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் துணிக்குழாய் ஒன்று சுருண்டு கிடக்கும். கட்டடம் கட்டிய நாளிலிருந்து அந்தத் தண்ணீரை யாரும் தொட்டதில்லை. மேலே அதற்கென்று இருக்கும் மோட்டாரைப் போட்டு, கைப்பிடிச் சுவர் ஓரம் நின்று குழாயை வானத்தைப் பார்க்கப் பிடித்தால், கீழே முற்றத்தில் மழையாகத்தான் விழும் என்றான். உண்மையைச் சொன்னால் நல்ல யோசனைதான். அதுதான் வினை.

அம்மா முடியவே முடியாது என்றாள். அது நெருப்புக்கு வைத்த தண்ணீர், விளையாட்டுக்கு இல்லை என்றாள். ஹீரோ நின்ற இடத்திலேயே அப்பாவுக்கு போன் போட்டு, அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தான். செக்ரட்டரி ஏதோ அவசரத்தில் இருந்தார். பள்ளிக்கூட வேலைதானே, எடுத்துக்கொள்ளட்டும், அப்புறம் நிரப்பிவிட்டால் போயிற்று என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதற்கு மேல் அம்மா என்ன சொல்ல முடியும்? சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

படத்தில் நடிக்க இன்னொரு ஆளும் கூப்பிடாமலே சேர்ந்துகொண்டது. நாலாம் மாடி நர்சம்மா. ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இரண்டு முட்டியும் போய், அங்கே தனியாக இருந்தவர். லிஃப்ட் ஓடிய காலம் யாருக்கும் ஞாபகம் இல்லாததால் அவர் கீழே வருவதில்லை. கயிற்றில் கட்டிய ஒரு துணிப்பைதான் ஜன்னல் கம்பிக்கு நடுவில் நுழைந்து இறங்கி வரும். மாத்திரை, காய்கறி, பேப்பர் எல்லாம் அம்மா அதில் போட்டு அனுப்புவாள். பையோடு உத்தரவுகளும் இறங்கும்: யார் வண்டியை யார் வழியில் நிறுத்தியிருக்கிறார்கள், எந்தக் குழந்தை செருப்பில்லாமல் ஓடுகிறது, யாருக்கு இருமல் நிற்கவில்லை என்று. அவர் கண்ணில் படாமல் அந்த முற்றத்தைப் பூனைகூடக் கடந்ததில்லை. பொடிசுக்கு முட்டி சிராய்த்தாலும் காய்ச்சல் அடித்தாலும் முதல் வைத்தியம் நாலாம் மாடியில்தான். வைத்தியத்தைவிடத் திட்டு அதிகமாக இருக்கும், ஆனால் திட்டி முடிப்பதற்குள் வலி போயிருக்கும்.

அவர் ஜன்னல் வழியாகக் கத்தினார்: "என் ஜன்னலுக்கு முன்னாடி மழை பெய்ய வெக்கப் போறீங்க, என்னைய விட்டுட்டுப் படம் எடுத்துருவீங்களா?" சுருட்டைக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பாட்டிலேயே ஜன்னல் இருக்கிறதே என்றாள்.

அன்றைக்கு நடந்ததைப் பொடிசு பிறகு எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மொட்டை மாடியில் கால் அகட்டி நின்றாள். மோட்டார் உறுமியதும் குழாய் துள்ளியது. அம்மா அதை மல்லுக்கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சத்தமாக, ஒரு சின்னப் பெண் போலச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பொடிசு அதற்கு முன் கேட்டதில்லை. முற்றத்தில் ஹீரோ நனைந்துகொண்டே ஆடினான். சுருட்டை ஸ்பீக்கருக்குக் குடை பிடித்துக்கொண்டு, தானும் பாடினாள். சரியில்லை, இன்னொரு தரம் என்று பொடிசு கையைக் காட்ட, மறுபடி மழை, மறுபடி ஆட்டம். கதவுகள் திறந்து ஆட்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். தண்ணீர் வீணாகிறதே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கடைசியாக நர்சம்மாவின் முறை. முற்றத்துக்கு மூன்று பக்கமும் கட்டடம் என்பதால், எதிர்ப்பக்கத்து நாலாம் மாடி நடையில் நின்றால் அவர் ஜன்னல் நேரே தெரியும். பொடிசு அங்கே போய் நின்றாள். மழை விழுந்ததும் நர்சம்மா முதலில் நடித்தார், கன்னத்தில் கைவைத்து, சோகமாக. பிறகு நடிப்பை மறந்துவிட்டார். கம்பிக்கு வெளியே கையை நீட்டித் தண்ணீரைப் பிடித்து முகத்தில் தடவிக்கொண்டார். மறுபடி நீட்டினார். மழை மெலிந்தது, கம்பி கம்பியாக விழுந்தது சொட்டாக மாறியது, நின்றது. தொட்டி காலி. கையை உள்ளே எடுக்காமல், இன்னும் வரும் என்று மேலே பார்த்துக்கொண்டே இருந்தார். பொடிசு காமிராவை நிறுத்தவில்லை. இதுதான் படத்தின் கடைசிக் காட்சி என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

படத்தில் தன்னைத் தானே பார்க்க வேண்டும் என்று நர்சம்மா ஒற்றைக்காலில் நின்றார். பொடிசு அந்தத் துண்டை மட்டும் அம்மாவின் போனுக்கு அனுப்ப, அம்மா மேலே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள். நர்சம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோனதாம். ஊரை விட்டுத் தொலைவில் இருக்கிற மகளுக்கு உடனே போன் போட்டு, உங்கம்மா சினிமாவில் நடித்துவிட்டாள், நேரில் வந்து பார் என்று சொன்னாராம்.

அம்மா மறக்கவில்லை. அதை அழுத்தமாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பின்னால் எல்லாரும் அவள் மறந்துவிட்டாள் என்றே பேசினார்கள். மறுநாள் காலையிலேயே செக்ரட்டரியிடம் போய், சின்னத் தொட்டியை நிரப்ப மோட்டாரைத் திருப்பிவிடட்டுமா என்று கேட்டாள். அந்த வாரம் பார்த்துத் தண்ணீர் வரத்து குறைந்திருந்தது. மேல் மாடிக்காரர்கள் குளிக்கத் தண்ணீர் இல்லையென்று அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். முதலில் பெரிய தொட்டியைப் பார், சின்னது எங்கே ஓடிவிடப்போகிறது என்றார். இரண்டு நாள் கழித்து அம்மா திரும்பப் போய்க் கேட்டாள். "நெருப்பு பிடிச்சாத்தானேம்மா அது வேணும்?" என்று அவர் சிரித்தார். அவளும் கூடச் சிரித்துவிட்டு வந்தாள்.

தீப்பிடித்தது பட்டப்பகலில். இரண்டாம் மாடி நடையில் இருந்த மின்பெட்டி வெடித்து, பக்கத்தில் யாரோ அடுக்கி வைத்திருந்த பழைய மெத்தையிலும் அட்டைப்பெட்டிகளிலும் பற்றிக்கொண்டது. தீ பெரிதாக இல்லை. புகைதான் மாடிப்படி வழியாகக் கறுப்பாக மேலே ஏறியது. ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி இறங்கினார்கள். நாலாம் மாடியில் நர்சம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர்களும் இறங்கினார்கள். அவரை யாராவது தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். அநேகமாக வாட்ச்மேன் அம்மா என்று நினைத்திருப்பார்கள். அவள் அப்போது முதல் மாடியில் கண்ணாடியைக் கையாலேயே உடைத்து, குழாயை இழுத்துக்கொண்டு படியில் பாதி தூரம் போய், திருகைத் திறந்துகொண்டிருந்தாள். தொட்டி காலி என்று தெரிந்துதான் திறந்தாள். அடியில் கொஞ்சமாவது தங்கியிருக்காதா என்ற நப்பாசை. குழாய் இரண்டு தடவை இருமியது. காற்றுதான் வந்தது.

தீயணைப்பு வண்டி தெருமுனையில், நிறுத்தியிருந்த கார்களுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டு அலறியது. முற்றத்தில் நின்றவர்கள் எல்லாரும் நாலாம் மாடி ஜன்னலைப் பார்த்தார்கள். கம்பிக்கு வெளியே ஒரு கை நீண்டிருந்தது. கொஞ்ச நேரம் அசைந்தது.

பொடிசு அந்த நேரத்தில் பள்ளிக் கணினி அறையில் உட்கார்ந்து அதே கையை, அதே ஜன்னலை, சுருட்டையின் குரலுக்குச் சரியாக வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

நெருப்பு நர்சம்மாவைத் தொடவேயில்லை, புகைதான் என்று சொன்னார்கள், அது என்னவோ பெரிய ஆறுதல் மாதிரி. தீயணைப்பு அதிகாரி ஒருவர், குழாயில் கொஞ்ச நேரம் தண்ணீர் வந்திருந்தால் மாடிப்படியிலேயே அணைந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டதும் செக்ரட்டரி முற்றத்தில் எல்லார் முன்னாலும் அம்மாவைப் பார்த்து, தொட்டி ஏன் காலியாக இருந்தது என்று உரக்கக் கேட்டார். அம்மா கையில் கட்டிய துணி வழியாக ரத்தம் கசிய நின்றாள். மழையில் ஆடியதைக் கதவோரம் நின்று பார்த்துச் சிரித்த அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருவரும் மூச்சு விடவில்லை. தங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவேண்டும் என்று நச்சரித்தது அவர்களுக்கும் ஞாபகம் வந்திருக்கும்.

செக்ரட்டரி அப்புறம் தனியாக அவர்கள் அறைக்கு வந்தார். அந்த அறைக்குள் அவர் நுழைந்தது அதுதான் முதல் தடவை. குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. குரலும் குனிந்திருந்தது.

"தொட்டி கசிஞ்சிருக்குன்னு எழுதிக்கலாம். பழைய தொட்டிதானே. மழை, பாட்டு, இதெல்லாம் யார் வாயிலயும் வரக்கூடாது. எடுத்ததெல்லாம் அழிச்சிடணும். நீங்க எப்பவும் போல இங்கயே இருக்கலாம்."

பொடிசுக்கு எங்கிருந்துதான் பேச்சு வந்ததோ. "எடுத்துக்கச் சொன்னதே நீங்கதானே சார். சின்னத் தொட்டி அப்புறம்னு சொன்னதும் நீங்கதானே."

அவருக்குக் கோபம் வரவில்லை. "தொறந்தது யாரு பாப்பா? சாவி யார்கிட்ட இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

அம்மா மகளின் கையைப் பிடித்து அழுத்தினாள். சரிங்க சார் என்றாள்.

பள்ளியில் ஹீரோ அவள் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் அழிக்க வைத்தான். கணினியில் இருந்ததை, காமிரா கார்டில் இருந்ததை, குப்பைத் தொட்டி என்று திரையில் இருக்கிறதே அதில் கிடந்ததையும். அவன் கண் வீங்கியிருந்தது. அவனும் எத்தனையோ நாள் நர்சம்மாவுக்கு மாத்திரை வாங்கிவந்து பையில் போட்டவன்தான். அவன் கெட்டவன் இல்லை; அவன் அப்பாவுக்குப் பிள்ளை, அவ்வளவுதான். அழிக்கட்டுமா என்று திரை பொடிசைத் திரும்பத் திரும்பக் கேட்டது. ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்று அழுத்தினாள். வீட்டுக்கு வந்து, உன் போனில் இருப்பதையும் அழித்துவிடு என்று அம்மாவிடம் சொன்னாள். அழிச்சிட்டேன் என்றாள் அம்மா.

சாரிடம் கார்டு கெட்டுப்போய்விட்டது என்று சொன்னார்கள். பாவம் பார்த்து ஒரு வாரம் தவணை கொடுத்தார். அதே பாட்டுக்கு வகுப்பறையிலேயே வேறு வீடியோ எடுத்தார்கள். நீலக் காகிதத்தைச் சொட்டுச் சொட்டாக வெட்டி நூலில் கட்டித் தொங்கவிட்டு, மின்விசிறியைப் போட்டார்கள். ஹீரோ அதற்கு நடுவில் வந்து நின்று வாயசைத்தான். சுருட்டை பாடியதைத் திரும்பப் பதிவு செய்யும்போது ஜன்னல் என்ற சொல் வந்த இடத்தில் குரல் உடைந்தது. அதையும் அப்படியே விட்டுவிட்டார்கள். சார் மதிப்பெண் போட்டு, கீழே, மழை இன்னும் கொஞ்சம் தத்ரூபமாக இருந்திருக்கலாம் என்று எழுதியிருந்தார்.

விசாரணைக்கு வந்தவர் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தார். தொட்டி கசிவு என்று செக்ரட்டரி சொன்னதை எழுதிக்கொண்டு இறங்கினார். அதற்கப்புறம் சின்னத் தொட்டி நிரம்பியே இருந்தது. அம்மா தினம் ஏறிப்போய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வருவாள். கேட்டைத் திறப்பாள், படி கூட்டுவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். முற்றத்தில் நடக்கும்போது மட்டும் தலையை நிமிர்த்த மாட்டாள். சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். பொடிசுக்குப் பயமாக இருந்தது. அம்மா அழுதால் பரவாயில்லை என்று இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது: அறை போய்விடுமோ என்று. அந்தப் பயம் இருக்கும்வரை தன்னால் நர்சம்மாவுக்காக ஒழுங்காக அழக்கூட முடியாது என்று தோன்றியது. தன்மேலேயே வெறுப்பு வந்தது.

நர்சம்மாவின் மகள் வீட்டைக் காலி செய்ய வந்தாள். மாற்றுச் சாவியை வாங்க செக்ரட்டரிதான் அவளை அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல உயரம், அம்மாவைப் போலவே அகன்ற நெற்றி. உள்ளே வந்து, யாரும் சொல்லாமலே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். செக்ரட்டரி வாசலிலேயே நின்றார். எல்லாருக்கும் நன்றி சொன்னாள். எங்கம்மா சாகும்வரை கடை கண்ணிக்குக் கஷ்டப்படாமல் பார்த்துக்கொண்டது நீங்கள்தான் என்று பொடிசின் அம்மாவின் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பொடிசைப் பார்த்தாள்.

"அம்மா ஏதோ படத்துல நடிச்சேன்னு போன்ல ஒரே ஆர்ப்பாட்டம். நீதானே எடுத்தே? நான் ஒரு தடவை பார்க்கலாமா?"

செக்ரட்டரியும் பொடிசைப் பார்த்தார். கார்டு கெட்டுப்போய்விட்டது, எல்லாம் அழிந்துவிட்டது என்று பொடிசு தரையைப் பார்த்துச் சொன்னாள். வந்தவள் தலையாட்டிக்கொண்டாள். பரவாயில்லை என்றாள். சாவியைக் கையில் திருப்பிக்கொண்டே, யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள்.

"வீடியோல வாங்கம்மான்னா வரவே மாட்டாங்க, தலை சீவலைம்பாங்க. வருஷக்கணக்கா வெறும் குரல்தான். முகத்தப் பார்த்தது, அடையாளம் காட்டக் கூப்பிட்டாங்க பாருங்க, அப்பதான்."

அம்மா எழுந்தாள். சாவிக்கொத்துகள் மாட்டியிருந்த பலகைக்குப் பின்னாலிருந்து போனை எடுத்தாள். அவள் விரல் தடுமாறாமல் தேடியதைப் பார்த்தபோது, இத்தனை நாளும் அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று பொடிசுக்குப் புரிந்தது. செக்ரட்டரி ஒரு அடி முன்னால் வந்து நிலைவாசலில் தலையை இடித்துக்கொண்டார்.

வெட்டாத, ஒட்டாத, எடுத்தது எடுத்தபடியே இருந்த துண்டு அது. அதனால் எல்லாச் சத்தமும் இருந்தது. கீழே சுருட்டையின் பாட்டு, மேலே அம்மாவின் சிரிப்பு, நடுவில் நர்சம்மா, எனக்கும் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டுங்கடி என்று போடுகிற அதட்டல். வந்தவள் அந்த அதட்டலைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்த வாய் அப்படியே கோணியது. நர்சம்மா திரையில் முகத்தில் தண்ணீரைத் தடவிக்கொண்டபோது, அவளும் தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள்.

முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "இது எப்ப எடுத்தது? இங்க மழையே இல்லன்னு அம்மா புலம்பிட்டே இருந்தாங்களே."

"கம்ப்யூட்டர் மழைம்மா அது," என்றார் செக்ரட்டரி, சட்டென்று. "இந்தக் காலத்துப் பசங்க எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே பண்ணிடுதுங்க. என்ன பாப்பா?"

மூன்று பேரும் பொடிசைப் பார்த்தார்கள். அவள் கட்டிலைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், சுவரில் ஆணியில் தொங்கிய தன் பள்ளிச் சீருடையைப் பார்த்தாள். ஆமா, கம்ப்யூட்டர்ல போட்டது என்றாள். பேச வராதவளுக்குப் பொய் எவ்வளவு சரளமாக வந்தது.

"தத்ரூபமா இருக்கு," என்றாள் வந்தவள். உண்மையாகவே பாராட்டினாள். செக்ரட்டரி மூச்சை விட்டார். அவள் இரண்டாம் தடவை ஓட்டினாள். இந்தத் தடவை அழாமல், ஒன்றையும் விடாமல் பார்த்தாள். கடைசியில், மழை மெலிந்து சொட்டாகி நின்ற இடத்தில், போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். அவள் அம்மா அங்கே கம்பிக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு மேலே பார்த்தபடி இருந்தார்.

"இங்க மட்டும் ஏன் மழைய நிறுத்திட்டே? அம்மா இன்னும் கையை நீட்டிட்டுத்தானே இருக்காங்க. இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாமே."

பொடிசு நிமிர்ந்து பார்த்தாள். அம்மா அழுதுகொண்டிருந்தாள், சத்தமே இல்லாமல், முகத்தைக்கூட மூடிக்கொள்ளாமல். செக்ரட்டரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் அங்கே இல்லாதது போல அம்மா வந்தவளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"தண்ணி தீர்ந்துபோச்சும்மா," என்றாள். "மேல தொட்டியில அவ்வளவுதான் இருந்துச்சு. நெருப்பு வந்தா உங்கம்மாவக் காப்பாத்தறதுக்குன்னு வெச்சிருந்த தண்ணி. நாந்தான் மேல நின்னு ஊத்தினேன்."

பொடிசு கட்டிலுக்கு அடியில் குனிந்து, துணிமணி வைக்கிற பெட்டியை வெளியே இழுத்தாள்.